வெந்தயம் எத்தனை ரூபாய்?

“முத்தையனுக்கு இறால் ரேட்டைச் சொன்னது நீதானேடா?”

காரைக்கால்மேட்டு இறால் ஏலத்தில் ஒரு வாரமாகச் சிதம்பரநாதனைவிட எட்டணா கூட்டிக் கேட்டு, சரக்கை முழுக்க அள்ளிப்போனார் முத்தையன். மெட்ராஸ் கம்பெனி எந்த ரேட்டுக்கு எடுக்கும் என்பது குறிச்சொல்லாகத் தந்தியில் வரும். தபாலாபீஸிலிருந்து அதை வாங்கி வருபவன் சிதம்பரநாதனின் வேலையாள் காத்தமுத்து.

“தந்தியில வெந்தயம்னு இருந்துச்சு மொதலாளி. எனக்குப் படிக்கத் தெரியாது, டீக்கடையில படிக்கச் சொல்லிக் கேட்டேன். வெந்தயம்னா எத்தனை ரூபான்னு எனக்கென்ன தெரியும்?”

சிதம்பரநாதனுக்குக் குழப்பமாக இருந்தது. குறிச்சொல்லின் அர்த்தம் அவருக்கும் கம்பெனிக்கும் மட்டும்தான் தெரியும். பின்னே எப்படி வெளியே போனது?

“இன்னிக்கே குறிச்சொல்லை மாத்துறேன். அப்புறமும் வெளியில போச்சுன்னா உனக்கு இங்க வேலை கிடையாது.”

போன தடவை போலவே, ஊரில் டெலிபோன் இருக்கும் ஒரே வீட்டுக்குப் போய் மெட்ராஸுக்கு ட்ரங்க்கால் போட்டார். வீட்டுக்காரர், “உங்க வியாபார ரகசியம் எனக்கெதுக்குங்க?” என்று கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

லைன் இரைந்தது. சிதம்பரநாதன் கத்தினார்.

“மல்லின்னா நாப்பது! மூணு பத்து இல்லைங்க, நாலு பத்து! கடுகுன்னா நாப்பத்தஞ்சு!”

தெருவில் நின்ற காத்தமுத்து தலையில் கைவைத்துக்கொண்டான்.

பேசி முடித்ததும் வீட்டுக்காரர் சோடாவோடு வந்தார். “தொண்டை கட்டியிருக்குமே, குடிங்க.”

மடக்கென்று குடித்துவிட்டு எழுந்தார் சிதம்பரநாதன்.

“நீங்க போன் குடுக்குறது பெரிய உதவிதான். ஆனா நாளைக்கு ஏலத்துல உங்களுக்கு விட்டுக்குடுக்க மாட்டேன், முத்தையன்!”