வழியில் நிற்கும் கடை

"கேஸை வாபஸ் வாங்கிடுங்க தம்பி. கடையை இடிச்சு ரோட்டைப் போட்டுக்கட்டும்" என்றாள் தையல்கார அம்மா.

வக்கீல் நிமிர்ந்தார். "மூணு வருஷம் போராடிட்டு இப்ப விடறதா?"

"தோண்டிப் போட்ட ரோட்டுல நேத்து ஆம்புலன்ஸ் மாட்டிக்கிச்சு. எதிர்வீட்டுக் குழந்தை போயிடுச்சு. பெத்தவ என் மூஞ்சியில காறித் துப்பிட்டா."

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? உங்ககிட்ட ஒரு பைசா வாங்காம அலையறேன். எனக்காக இன்னும் ஒரு வாய்தா பொறுங்கம்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு, ரோடு கான்ட்ராக்டரை போனில் பிடித்தார் வக்கீல்.

"சார், அந்தம்மா கழண்டுக்கப் பார்த்தாங்க. சரிக்கட்டிட்டேன். இன்னும் ஆறு மாசம் இழுக்கலாம்."

"நல்லது." கான்ட்ராக்டர் அடிக்குரலில் பேசினார். "கேஸ் நடக்கற வரைக்கும், சும்மா நிக்கற மெஷினுக்கும் கவர்ன்மென்ட் வாடகை தரும். உங்க பீஸ் வழக்கம்போல வந்துடும். கொஞ்சம் இருங்க, துக்க வீட்டு வாசல்ல நிக்கறேன்."

போனில் ஒரு பெண் அழும் சத்தம் நெருங்கி வந்தது. கான்ட்ராக்டரின் குரல் தழுதழுத்தது.

"நான் என்னம்மா பண்ணுவேன்? அந்தத் தையல்காரி கேஸை விட்டா, நாளைக்கே ரோட்டைப் போட்டுடுவேன்."