பின்னால் வருவது நிற்கும்

அவள் இரண்டு பட்டியல்களையும் பைத்தான் நிரலில் ஏற்றினாள்.

ஒன்று அவளுடைய போனிலிருந்து எடுத்தது. இன்னொன்று கணவன் இசக்கிராஜாவுடையது. பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் டிக்ஷனரிகள்.

அவன் இறந்து பத்தொன்பது நாள். நேற்று அவன் போன் இணைப்பைத் துண்டித்தாயிற்று. தண்ணீர் லாரி, கேஸ்காரர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் அவன் போனில்தான் இருந்தார்கள்.

அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அதையே ஒரு குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இடப்பக்கம் அவளுடையது. வலப்பக்கம் அவனுடையது. நடுவில் ஒரு கோடு, இரண்டையும் சேர்க்கும் குறி.

சேர்ந்துவிட்டன.

மொத்தத்தில் முப்பத்தெட்டுப் பெயர் குறைந்தது. இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் பின்னால் வருவதன் எண்தான் நிற்கும். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை இதற்காக எத்தனை முறை கடிந்திருக்கிறாள். இன்று அவளே சரிபார்க்கவில்லை.

போனில் இருந்த பழையதை அழித்துவிட்டுப் புதுப் பட்டியலை ஏற்றினாள். அரிசி களைந்து வைத்தாள். குக்கரை ஏற்ற மறந்தாள்.

பதினொரு மணிக்குப் போன் அடித்தது.

திரையில் ‘அம்மா’.

அவளுடைய அம்மா இறந்து மூன்று வருஷம். அந்த எண்ணை அழிக்க மனம் வராமல் வைத்திருந்தாள்.

எடுத்தாள்.

“அவன் நம்பருக்குத்தான் போட்டேன், பழக்கத்துல. அணைச்சுக் கெடக்குன்னு சொல்லுது. நோட்டுல உன் நம்பரும் எழுதி வச்சிருக்கான். நீ சாப்ட்டியா?”

தென்காசியிலிருந்து மாமியார்; இசக்கிராஜாவின் போனில் அவர்தான் ‘அம்மா’.

கல்யாணமான ஆறு வருஷத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பேசியதே இல்லை. அவன் பேசி முடித்துப் போனை நீட்டுவான். இவள் “நல்லாயிருக்கேன் அத்தை” என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பாள். அந்த எண்ணைத் தன் போனில் பதிந்துகொள்ளவும் தோன்றியதில்லை.

மடிக்கணினியில் பட்டியல்களைச் சேர்த்த அந்த ஒற்றை வரி அப்படியே இருந்தது. பழைய பட்டியல்கள் இரண்டும் பத்திரமாகத்தான் இருந்தன. அந்த வரியில் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் போட்டால் அவளுடைய அம்மா திரும்ப வந்துவிடுவாள். ஒரு நொடி வேலை.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் காத்திருந்தது.

“இன்னும் இல்ல, அம்மா,” என்றாள்.

பத்தொன்பது நாளாக வராதது அப்போது வந்தது.

மடிக்கணினியை மூடினாள்.