மூன்றாவது குரல்

“எங்களுக்குக் குளிர் தெரியாதே, மிஸ்? மார்கழிப் பனிக்குத் துவாயைக் காதோடை சுத்திக் கட்டினால் சரி. இஞ்சை பத்துத் துவாயும் காணாது. வீட்டிலை ஹீற்றர் நிண்டு ரண்டு கிழமை.”

‘எங்களுக்குக் குளிர் தெரியாதா’ என்று தொடங்கி, அவர் சொன்னதை அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். துவாயையும் விடவில்லை.

ரொறன்ரோவில் அவளுடைய சமையலறை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் அப்படித்தான் பேச வேண்டும். பேசுபவர் ‘நான்’ என்றால் அவளும் ‘நான்’. சொந்தமாக ஒரு சொல் கூடாது. அழைப்புகள் பதிவாகின்றன. போன மாதம் ஒருத்திக்குச் சொந்தமாகப் பேசியதால்தான் வேலை போயிற்று.

வின்னிபெக்கில், புதிதாக வந்தவர்களுக்கு உதவும் அலுவலகம். மேசைக்கு ஒரு பக்கம் தெய்வேந்திரம். மறுபக்கம் அதிகாரி டோரீன். நடுவில், ஒலிபெருக்கியில், அவள்.

வீட்டுக்காரரிடம் தானே பேசுவதாக டோரீன் சொன்னாள். அதையும் அவள் தமிழில் சொன்னாள்.

“எட, அப்பிடியோ! பெரிய உபகாரம்.”

அந்த ‘எட’.

ஊரில், நெல்லியடிச் சந்தியில் நாலு மணி வெயில். டியூசன் விட்டு வரும் சைக்கிள்கள். பஸ் வரும்வரை கதைத்துக்கொண்டு நிற்பவர்கள்.

“மெய்யே பிள்ளை, உங்கடை கதை எங்கடை பக்கம் போலை கிடக்கு. நீங்கள் ஆற்றை பிள்ளை?” தெய்வேந்திரம் கேட்டார்.

ஊரில் இதைத்தான் சைக்கிளை மறித்துக் கேட்பார்கள். பதில் சொன்னால், அவளுக்கு முன்னரே செய்தி வீடு போய்ச் சேர்ந்துவிடும். எரிச்சலாக வரும்.

இங்கே வந்த பதினொரு வருடங்களில் யாரும் கேட்கவில்லை.

“என்ன சொல்கிறார்?” என்றாள் டோரீன்.

ஒன்றையும் விடக் கூடாது.

“நீங்கள் யாருடைய பிள்ளை என்று கேட்கிறேன்,” என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

கேள்வி தனக்கென்று நினைத்து டோரீன் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“நானா? எட்னாவின் கடைசிப் பெண். அம்மா போய் ஆறு வருடம். இதை என்னிடம் யாருமே கேட்டதில்லை.”

அவள் தமிழில் சொன்னாள்.

“நான் எட்னாவின் கடைசிப் பிள்ளை. அம்மா போய் ஆறு வருஷம்...”

கடைசி வாக்கியம் மிச்சமிருந்தது. தண்ணீர்க் கோப்பையை எடுத்தாள். குடிக்கவில்லை.

வின்னிபெக்கில் நாற்காலி ஒன்று நகரும் சத்தம். அவர் ஒலிபெருக்கிக்குக் கிட்ட வந்திருக்க வேண்டும்.

“அவ எட்னான்ரை பிள்ளை, சரி. நான் உங்களைத்தான் கேட்டனான், பிள்ளை. சொல்லுங்கோவன்.”