குடம் சொன்ன பொருத்தம்

ஜாதகம் பார்க்கிற வழக்கம் எப்போதோ போய்விட்டது. இப்போது மதுரை அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய மண்குடத்தின் முன் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்துகிறார்கள். அந்த இருவருக்கென்றே அது ஒரு பாட்டுச் சொல்லும்.

இன்பவல்லியும் குணசீலனும் போய் நின்றார்கள்.

"அவன் வந்தால் கதவைத் திறக்காதே தோழி, என் கோபம் இன்னும் ஆறவில்லை" என்றது குடம்.

ஊடல் பாட்டு. குணசீலனின் அம்மா கோமளத்துக்கு முகம் சுண்டிவிட்டது. கொண்டுவந்த பூவைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. "பக்கத்துல இருக்குற அந்தப் பழைய வளையலும் பாட்டுச் சொல்லுமாம், அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருவோமே."

குணசீலனை இன்பவல்லிக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

குணசீலனின் அப்பா தொண்டையைச் செருமினார். "நம்ம கல்யாணத்துக்கு இந்தக் குடம் என்ன பாட்டுச் சொல்லுச்சு, கோமளம்?"

"பிரிவுப் பாட்டு."

"அதுக்கப்புறம் ஒரு ராத்திரியாச்சும் என்னைய விட்டுட்டு உங்கம்மா வீட்ல தங்கியிருக்கியா?"

"எங்க தங்க விட்டீங்க?" என்ற கோமளம் பையைத் திறந்து பூவை எடுத்துக்கொண்டு இன்பவல்லியிடம் வந்தாள்.

"திரும்பு தாயி, பூ வைக்கணும். இவன் மேல கோபம் வந்தா கதவைச் சாத்திரு. நானும் உன்கூட உள்ள வந்து உக்காந்துக்கிறேன்."