சொன்னதை எழுதியவர்

"ஒரு வருஷத்த மாத்தி எழுதுனா உங்க கை ஒடஞ்சா பூடும், டீச்சர்?"

பன்னீர்செல்வம் போட்ட சத்தத்தில், பிளஸ் ஒன் சேர்க்கைக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமல்லபுரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. மேசைக்குப் பின்னால் விண்ணப்பங்களை அடுக்கிக்கொண்டிருந்த ஜோதிலட்சுமி டீச்சர் நிமிர்ந்தார். ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சதுரங்கப்பட்டினத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். அவர் தோளைப் பிடித்தபடி நின்றாள் மகள் சங்கரி. பிறவியிலேயே பார்வை இல்லாதவள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சங்கரி சொல்லச் சொல்ல எழுதுவதற்காக, அவள் ஊருக்கு அனுப்பப்பட்டவர் ஜோதிலட்சுமி.

"உக்காருங்க சார்."

"உக்கார வரல. நாலு பேரு கேக்கட்டும்னுதான் வந்தேன்." வரிசைப் பக்கம் திரும்பினார் பன்னீர்செல்வம். "எம் பொண்ணு காலாண்டுல நானூத்தி முப்பது. அரையாண்டுல நானூத்தி நாப்பத்தி ஒண்ணு. இவங்க வந்து எழுதுனாங்க, எரநூத்தி எண்பத்தி ஏழு!"

"அடப்பாவமே!" என்றாள் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்.

"நானூறு தாண்டுனா ஹாஸ்டலோட ஃப்ரீயா சீட்டு தரேன்னு ஒரு பெரிய ஸ்கூல்ல சொல்லிகினு இருந்தாங்க. இப்ப அதுவும் பூட்ச்சு. பரீட்சைக்கு மொத நாளே உங்க கால்ல வுழாத கொறையா கேட்டனா இல்லியா? 'கொஞ்சம் பாத்து செய்யுங்க டீச்சர்'னு கேட்டனா இல்லியா?"

"கேட்டீங்க."

"அப்புறம் இன்னா? வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகம் எந்த வருஷம்?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது."

"இவ இன்னா சொன்னா?"

"நாப்பத்திரெண்டுன்னு சொன்னா."

"நீங்க இன்னா எழுதுனீங்க?"

"நாப்பத்திரெண்டுன்னுதான்."

"தப்புன்னு தெரிஞ்சே எழுதுனீங்களா?"

"ஆமா சார். அவ சொன்னதத்தான் நான் எழுதணும்."

வரிசையில் சலசலப்பு எழுந்தது. "கண்ணு தெரியாத புள்ளைகிட்டப் போயா சட்டம் பேசுறது?" என்றார் ஒருவர். இன்னொருவர் செல்போனை உயர்த்தி வீடியோ எடுக்க ஆரம்பித்தார்.

சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியர் நரசிம்மன் அறையிலிருந்து வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் குனிந்து ஜோதிலட்சுமியிடம் மெல்லச் சொன்னார்.

"ஏம்மா, அனுசரிச்சு எழுதியிருக்கலாமே. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு எல்லாரும் செய்யறதுதானே? யாரு கேக்கப்போறா?"

ஜோதிலட்சுமியின் முகம் சிவந்தது. பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"பாத்தீங்களா, அவங்க ஹெச்செம்மே சொல்றாரு!" பன்னீர்செல்வத்தின் குரல் உடைந்தது. "எம் பொண்ணு நாளைக்கு எப்டி பொழைக்கும்னு நெனச்சுப் பாத்தீங்களா டீச்சர்? உங்க வூட்டுப் புள்ளையா இருந்தா இப்டி எழுதுவீங்களா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளை மெல்ல முன்னால் நகர்த்தினார்.

"நானும் வரேன், டீச்சரப் பாக்கணும்னு காலையிலேர்ந்து அடம் புடிச்சா. எவ்ளோ மனசு நொந்து போயிருந்தா வந்திருப்பா? சொல்லும்மா. பயப்படாத. மனசுல இருக்கறத டீச்சர்கிட்ட நேரா கேளு."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சங்கரி கையை நீட்டி மேசை விளிம்பைத் தொட்டாள். அதைப் பிடித்துக்கொண்டே ஓர் அடி முன்னால் வந்தாள்.

"டீச்சர், இந்த ஸ்கூல்ல எனக்கு இடம் கெடைக்குமா? நான் இங்கதான் சேரணும்."

"இன்னாது?" பன்னீர்செல்வம் திகைத்துப்போனார். "எம்மாடி, இன்னா பேசற நீ? இவங்க இருக்கற ஸ்கூல்லயா?"

"ஆமாம்ப்பா. இவங்க இருக்கறதாலதான்."

"உன் மார்க்கெல்லாம் வாரிகினு போனவங்கம்மா இவங்க!"

சங்கரி அப்பாவின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். எதையோ ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்து, தயங்கித் தயங்கி நின்றவள் போலிருந்தது.

"அப்பா, இவங்க ஒவ்வொரு கேள்வியும் ரெண்டு தடவ படிச்சாங்க. நான் யோசிக்கற வரைக்கும் பேசாம உக்காந்திருந்தாங்க. நான் சொல்லி முடிச்சதும், எழுதுனத எனக்கே படிச்சுக் காட்டுனாங்க."

"அதனால இன்னா? முன்னாடி எழுதுனவங்கல்லாம் நல்லவங்க இல்லியா? எவ்ளோ மார்க்கு வாங்கிக் குடுத்தாங்க!"

"நல்லவங்கதாம்ப்பா. ரொம்ப எரக்கப்பட்டாங்க. 'பாவம், உனக்கு எதுக்கும்மா கஷ்டம், நீ சும்மா உக்காரு'ன்னு சொல்லிட்டு அவங்களே எழுதிக் குடுத்துடுவாங்க. கேள்வி இன்னான்னு கூட எனக்கு யாரும் படிச்சுச் சொன்னதில்ல."

வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர் செல்போனைக் கீழே இறக்கினார்.

சங்கரி சொன்னாள்:

"அந்த நானூத்தி நாப்பத்தி ஒண்ணு யாரோட மார்க்குன்னு எனக்குத் தெரியாதுப்பா. நான் எழுதுன மொத பரீட்சையே இதுதான்."