செவ்வாயில் ஒருத்தி

“சுந்தரம்மாள்னு பேரைப் போட்டு விண்வெளித் தொடர்கதை எழுதுதது ஒரு ஆம்பளைதான்னு நான் அப்பவே சொன்னேன், அண்ணாச்சி!”

புளியங்குடியிலிருந்து பஸ் ஏறி சங்கரன்கோவிலுக்கு வந்திருந்த வாசகர் மூக்காண்டிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். “ராக்கெட்டு, செவ்வாய்க்கிரகம்னு பொம்பளைக்கு எப்படி ஓடும்?”

“பொம்பளை பேருன்னாதான் பத்திரிகையில சட்டுனு போடுதான் வே. அதான் வீட்டுக்காரி பேரு,” என்று சிரித்தார் சங்கரசுப்பு.

“செவ்வாயில ஒத்தையில மாட்டிக்கிட்டாளே, அந்தப் புள்ள பூமிக்கு வந்துருவாளா?”

சங்கரசுப்பு தொண்டையைச் செருமினார். “அது... அடுத்த வாரம் படிச்சுப் பாரும்.”

“இப்பவே சொல்லுங்க அண்ணாச்சி!”

காப்பியோடு வந்த சுந்தரம்மாள், “வரமாட்டாளாம் தம்பி. இங்கன வந்து என்னத்துக்குன்னு அங்கனயே இருந்துருவாளாம். இவுக இப்பதான் எழுதிட்டு எந்திரிச்சாக,” என்றாள்.

“இந்தக் கைதான எழுதுச்சு!” மூக்காண்டி சங்கரசுப்புவின் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

டம்ளரைக் கீழே வைத்த சுந்தரம்மாளின் விரல்களில் பேனா மை இன்னும் காயவில்லை. அந்தக் கதையில் ஒரு வரிகூடப் படித்திராத சங்கரசுப்புவுக்கு அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் துணிவில்லை.