வார்

விமானிகளுக்கென்று ஒரு காலத்தில் செய்யப்பட்ட அந்த விலையுயர்ந்த கைக்கடிகாரத்தைப் புது வடிவில் கொண்டுவர, அசல் ஒன்றை அளந்து பார்க்க வேண்டியிருந்தது. இறந்துபோன விமானி ஒருவரின் மனைவி பிலோமினா, தன்னிடமிருந்ததை வடிவமைப்பாளன் தினகரிடம் கொடுத்தார். “கடிகாரத்தை என்ன வேணா பண்ணுங்க தம்பி, வாரை மட்டும் தொட்டுடாதீங்க. அவர் வேர்வை அதுலதான் இருக்கு.”

எந்தக் கடிகாரம் வந்தாலும் முதலில் பழைய வாரை வெட்டி எறிவது பட்டறையின் வழக்கம். தினகர் சொல்லிவைக்க மறந்துவிட்டான். “அந்த நாத்தம் புடிச்ச வாரா சார்? வந்த அன்னைக்கே குப்பைக்குப் போயிடுச்சு. அதை ஊறப்போட்டு ரசமே வச்சிருக்கலாம்” என்று சிரித்தான் பட்டறை ஜேக்கப்.

புது மாடலுக்காகப் பழையதுபோல் தெரியும் வார்களை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். தினகர் அதில் ஒன்றை எடுத்துத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்தான். உப்பைத் தேய்த்தான். ஓரங்களைக் கசக்கினான். கடிகாரத்தை வாங்கிய அன்றே பிடித்த படத்தைப் பார்த்து, விமானி தானே குத்திக்கொண்ட கோணல் ஓட்டையையும் அதே இடத்தில் குத்தினான்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பிலோமினா வீட்டுப் படியேறினான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவர் கடிகாரத்தை வாங்கி, வாரை மூக்கருகே கொண்டுபோய்க் கண்களை மூடிக்கொண்டார். திறந்தபோது அவை நனைந்திருந்தன.

“இன்னும் போகலை பாருங்க” என்று அவன் முகத்தருகே நீட்டினார். “உங்களுக்கும் அடிக்குதா தம்பி?”

தினகர் குனிந்து, மூச்சை நன்றாக இழுத்தான்.

“அடிக்குதும்மா.”